மனப்பாட இங்கிலீஷ்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையும் நடு ராத்திரியில் எழுப்பி இங்கிலீஷில் ஒரு லீவ் லெட்டர் எழுதச் சொல்லுங்கள். தடுமாறாமல் எழுதிவிடுவார்கள். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்.' வயிற்றுவலி என்றாலும் ஃபீவர்தான், சித்தப்பா கல்யாணம் என்றாலும் ஃபீவர்தான். ஆறாம் வகுப்பில் அதை எழுதியபோது 'கிராண்ட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். அதை நான் சொல் சொல்லாகக் கற்கவில்லை. முழு வாக்கியத்தையும் ஒரே செங்கல்லாகத் தூக்கி மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்படி முழுசாக எடுத்து வைக்கும் தொடர்களுக்கு மொழியியலில் 'ஃபார்முலெய்க் லாங்வேஜ்' என்று பெயர். நாம் ரெடிமேட் தொடர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் இங்கிலீஷ் தேர்வுகளில், அதிலும் ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பகுதியில், இது பெரிய விஷயம். சில வருடங்களாக நான் அந்தத் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் நர்ஸ்கள் அதிகம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுத்துப் பகுதியில் 6.5 பேண்ட் (ஒன்பது வரை போகும் மதிப்பெண்) வேண்டும், மற்ற மூன்று பகுதிகளிலும் 7. எழுத்துக்கு முன்பு 7 கேட்டார்கள்; 2018 டிசம்பரில்தான் அரை பேண்ட் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பலருக்கு இடறுவது எழுத்துதான். அதனால் முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுவார்கள்: "மேடம், டெம்ப்ளேட் தருவீங்களா?" எந்தத் தலைப்பையும் செருகிக்கொள்ளும்படி கட்டி வைத்த கட்டுரைச் சட்டகம்தான் டெம்ப்ளேட்.

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. மனப்பாடம் செய்வது தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் நம் சமையலறைக்குப் போவோம். காபி போடுகிறோம், தோசை சுடுகிறோம், குழம்பு வைக்கிறோம், சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம். 'குழம்பு போட்டேன், காபி சுட்டேன்' என்று யாராவது சொன்னால் பொருள் புரியும், ஆனால் ஆள் தமிழுக்குப் புதுசு என்று உடனே தெரிந்துவிடும். ஏன் குழம்பை வைக்க வேண்டும், ஏன் சோற்றை வடிக்க வேண்டும் என்பதற்கு இலக்கண விதி எதுவும் கிடையாது. நம் முன்னோர் அப்படிச் சொன்னார்கள், நாமும் அப்படியே சொல்கிறோம். நன்னூல் இதை மரபு என்கிறது: எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிப் பெரியவர்கள் சொன்னார்களோ அப்படியே சொல்வது. பள்ளியில் யானை பிளிறும், குயில் கூவும் என்று மரபுச்சொற்கள் படித்தோமே, அது விலங்குகளோடு நிற்கும் விஷயமில்லை. நாம் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பகுதி இப்படி ஒட்டியே வரும் சொற்கள்தான். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, வெயில் அடிக்கிறது, சந்தேகம் கிளம்புகிறது.

இங்கிலீஷிலும் இதே கதைதான். டீ 'ஸ்ட்ராங்' ஆக இருக்கும், 'பவர்ஃபுல்' ஆக இருக்காது. கார் இன்ஜின் 'பவர்ஃபுல்' ஆக இருக்கும். 'மிஸ்டேக்' என்றால் 'மேக்', 'ஹோம்வொர்க்' என்றால் 'டூ', 'ரிஸ்க்' என்றால் 'டேக்'. ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கோடிக்கணக்கில் இங்கிலீஷ் சொற்களைக் கணினியில் ஏற்றி, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்: பேசும்போதும் எழுதும்போதும் நாம் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்குவதில்லை, பாதி கட்டி வைத்த தொடர்களாகவே எடுக்கிறோம். தாய்மொழிக்காரர்களும் அப்படித்தான். ஆக, ரெடிமேட் தொடர் என்றாலே திருட்டு வேலை என்ற பயம் வேண்டாம். மொழியே பாதி ரெடிமேட்.

சரி, அப்படியானால் தேர்வில் எங்கே உதைக்கிறது?

ஒரு மாணவியின் கட்டுரையைக் காட்டுகிறேன். ஆஸ்பத்திரியில் ஐந்து வருட அனுபவம் உள்ள நர்ஸ். பொதுப் போக்குவரத்தை இலவசமாக்க வேண்டுமா என்பது கேள்வி. அவர் எழுதிய முதல் பத்தி:

'இன் திஸ் மாடர்ன் எரா, இட் இஸ் அன் அன்டினையபிள் ஃபேக்ட் தட் பப்ளிக் டிரான்ஸ்போர்ட் ஹேஸ் பிகம் எ ஹாட்லி டிபேட்டட் டாபிக். சம் பீப்பிள் ஆர் ஆஃப் தி ஒப்பீனியன் தட் இட் ஷுட் பி ஃப்ரீ, வைல் அதர்ஸ் ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ. திஸ் எஸ்ஸே வில் ஷெட் லைட் ஆன் போத் சைட்ஸ் ஆஃப் தி காயின் அண்ட் தென் ரீச் எ லாஜிக்கல் கன்க்ளூஷன்.'

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மொத்தம் 50 சொற்கள். இப்போது 'பப்ளிக் டிரான்ஸ்போர்ட்', 'ஃப்ரீ' என்ற மூன்று சொற்களை எடுத்துவிட்டு, மிருகக்காட்சிசாலைகளை மூட வேண்டுமா என்ற கேள்விக்கு அதே பத்தியை வையுங்கள். 'ஃப்ரீ' இருந்த இடத்தில் 'க்ளோஸ்டு'. கச்சிதமாகப் பொருந்துகிறது. வீட்டுப்பாடம் தேவையா என்பதற்கும் பொருந்தும், மரண தண்டனைக்கும் பொருந்தும். அப்படியானால் மிச்சமிருக்கும் 47 சொற்களும் பஸ்ஸைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டிய கட்டுரையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, விஷயம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

வகுப்பில் இதற்கு நாங்கள் மாற்றிப் பார்ப்பது என்றே பேர் வைத்திருக்கிறோம். எழுதிய வாக்கியத்தை வேறு தலைப்பில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் உட்கார்ந்தால் அது உங்கள் வாக்கியம் இல்லை.

மதிப்பெண் போடுபவர் இதை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பகுதி ஒரு மணி நேரம், இரண்டு டாஸ்க். முதலாவதற்கு 20 நிமிடம், இரண்டாவதான கட்டுரைக்கு 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; கட்டுரைக்கு மதிப்பு இரண்டு மடங்கு. கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, சொல்வது கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு கோணத்தில் பார்ப்பார்கள். நான்குக்கும் சம எடை. எந்த பேண்டுக்கு எப்படிப்பட்ட எழுத்து என்ற அட்டவணையை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பணம் கட்டி டெம்ப்ளேட் வாங்குவதற்கு முன் அதை ஒரு தடவை படித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

அதில் சொல்வளம் என்ற கட்டத்தில், மனப்பாடத் தொடர்களைப் பொருந்தாத இடத்தில் போடுவது பேண்ட் 4க்கான அடையாளமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மனப்பாட மொழியையே அளவுக்கு மீறிச் சார்ந்திருப்பது பேண்ட் 3. விடை முழுவதும் மனப்பாடம் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் பூஜ்யம். இதைப் படித்ததும் சிலர் பயந்து எல்லாத் தொடரையும் தூக்கிப்போடக் கிளம்புவார்கள். அவசரம் வேண்டாம். 'பொருந்தாத இடத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தொடரைப் போட்டதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அந்த நர்ஸின் பத்திக்கு நேரடி தண்டனை என்று எதுவும் கிடையாது. நஷ்டம் வேறு இடத்தில்: பதில் சொல்ல வேண்டிய இடத்தை வெற்றுச் சொற்கள் பிடித்துக்கொண்டன, அவருடைய இங்கிலீஷ் எப்படி என்று காட்ட அவருக்கே இடமில்லாமல் போனது.

ஒட்டுப்போட்ட தையலும் தெரிந்துவிடும். 'இட் இஸ் அன் அன்டினையபிள் ஃபேக்ட் தட்' என்று கம்பீரமாக ஆரம்பித்து, அடுத்த மூச்சிலேயே 'பீப்பிள் இஸ் கோயிங்' என்று வரும். முன்பாதி பட்டு, பின்பாதி பருத்தி. இரண்டையும் ஒரே ஆள் நெய்யவில்லை என்பது பத்தாயிரம் கட்டுரை படித்தவருக்குத் தெரியாதா? இன்னொரு விரிசல், 'ஆன் அதர் ஹேண்ட்', 'இன் நட்ஷெல்'. நடுவில் இருக்க வேண்டிய 'தி'யும் 'எ'யும் காணாமல் போயிருக்கும். தமிழில் அப்படிப்பட்ட சொற்களே இல்லாததால் நம் காதில் அவை விழுவதில்லை. அது நம் குற்றமும் இல்லை. ஆனால் ரெடிமேட் தொடரின் ஒரே லாபம் அதில் பிழை வராது என்பதுதான். அதிலேயே ஓட்டை விழுந்தால் கொஞ்சமும் லாபமில்லை.

பிறகு ஏன் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறோம்? ஏஞ்சலா ஹாசல்கிரன் என்ற ஆய்வாளர் 1994இல் நார்வே மாணவர்களின் இங்கிலீஷைப் பார்த்துவிட்டு ஒரு பெயர் வைத்தார்: சொல் கரடிபொம்மைகள். இருட்டில் குழந்தை தன் கரடிபொம்மையைக் கட்டிக்கொள்வது மாதிரி, பயமான இடத்தில் நாம் பழகிய சொல்லைக் கட்டிக்கொள்கிறோம். நார்வேக்காரர்களுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்! எனக்கு இந்தப் பெயர் பிடித்ததற்குக் காரணம், அதில் ஏளனம் இல்லை. பயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது. டோஃபல் என்ற இன்னொரு இங்கிலீஷ் தேர்வின் விடைகளை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்விலும், கீழ்நிலை மாணவர்கள்தான் இப்படி ஒட்டிவரும் தொடர்களை அதிகம் எழுதினார்கள், அதில் கேள்வியிலிருந்தே தூக்கியவையும் நிறைய என்று தெரிந்தது. மொழி கைவரக் கைவர, கடன் வாங்கிய பெரிய துண்டுகள் குறைகின்றன.

இணைப்புச் சொற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் அடிபடுவது அங்கேதான். 'ஃபர்ஸ்ட்லி, மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்'. ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டால் கோர்வை வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அட்டவணையில் பேண்ட் 9க்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இணைப்பு கவனத்தை ஈர்ப்பது மிக அரிதாகவே இருக்க வேண்டும். இணைப்பு இயந்திரத்தனமாகத் தெரிவது பேண்ட் 6இன் குணம்.

தமிழில் நாம் எப்படிக் கோர்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 'கடைக்குப் போய், பால் வாங்கி, காபி போட்டுக் கொடுத்தேன்.' இதில் 'மேலும்' எங்கே இருக்கிறது? வினையெச்சமே கோர்த்துவிடுகிறது. இங்கிலீஷில் அந்த வசதி அப்படியே கிடையாது, ஆனால் வேறொரு எளிய வழி இருக்கிறது: முன் வாக்கியத்தின் விஷயத்தை 'திஸ்' அல்லது 'சச்' சேர்த்து ஒரு பெயர்ச்சொல்லாக அடுத்த வாக்கியத்தில் எடுப்பது. ஒரு வாக்கியத்தில் பஸ் கட்டணம் கூடியது என்று எழுதுகிறீர்கள். அடுத்ததை 'திஸ் இன்கிரீஸ்' என்று ஆரம்பியுங்கள். ஏழைக் குடும்பங்களைப் பற்றி எழுதினீர்களா, அடுத்தது 'சச் ஃபேமிலீஸ்'. இரண்டு வாக்கியமும் கைகோர்த்துக்கொள்ளும், நடுவில் 'மோர்ஓவர்' தேவைப்படாது. அப்புறம் பாருங்கள், இதை மாற்றிப் பார்த்தால் வேறு தலைப்பில் உட்காராது. 'திஸ் இன்கிரீஸ்' என்று எழுத வேண்டுமானால் முன்னால் எதையாவது கூட்டியிருக்க வேண்டுமே.

ரெடிமேட் அப்படியே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. ஐஇஎல்டிஎஸ்ஸில் ஜெனரல், அகாடமிக் என்று இரண்டு பிரிவு. ஜெனரல் பிரிவு எழுதுபவர்களுக்கு முதல் டாஸ்க் ஒரு கடிதம். 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து 'இப்படிக்கு' என்று முடித்த தலைமுறைக்குக் கடிதத்தில் வாய்பாடு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 'ஐ ஆம் ரைட்டிங் டு கம்ப்ளெய்ன் அபௌட்', 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' இதெல்லாம் மரியாதை. பெயர் தெரியாதவருக்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லி விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யுங்கள். அகாடமிக் பிரிவில் வரைபடத்தை விளக்கும்போது 'ரோஸ் ஷார்ப்லி', 'ரிமெய்ன்டு ஸ்டேபிள்', 'பீக்டு அட்' போன்றவையும் அப்படித்தான். ஒவ்வொன்றும் படத்தில் இருக்கும் ஒரு கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

ஆக, சின்னத் தொடர்களைச் சேருங்கள், அதுவும் பொருளோடு ஒட்டியவையாக. இரண்டு சொல், மூன்று சொல், மிஞ்சினால் ஐந்து. இதில் தமிழர்களுக்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன. நாம் முயற்சி எடுக்கிறோம், அதனால் 'டேக் எஃபர்ட்' என்று எழுதுகிறோம். இங்கிலீஷில் அது 'மேக் அன் எஃபர்ட்'. நாம் பொய் சொல்கிறோம், 'சே எ லை' என்று எழுதுகிறோம்; அவர்களுக்கு 'டெல் எ லை'. நோட்டில் 'எஃபர்ட் = முயற்சி' என்று எழுதி வைத்தால் இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. 'மேக் அன் எஃபர்ட் டு' என்று முழுசாக, பின்னால் வரும் 'டு' உட்பட எழுதி வைத்தால் தெரியும். 'அக்கார்டிங் டு மீ' என்பதையும் விட்டுவிடுங்கள். 'அக்கார்டிங் டு' அடுத்தவர் சொன்னதற்கு. உங்கள் கருத்துக்கு 'ஐ பிலீவ்' போதும், ஜோடனை வேண்டாம்.

அந்த நர்ஸிடம் திரும்பி வருகிறேன். அவருடைய இரண்டாம் பத்தியில் உதாரணம் வர வேண்டிய இடத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் போட்டு, அங்கே நடந்த ஆய்வில் 70 சதவீதம் பேர் இலவசப் போக்குவரத்தை ஆதரித்தார்கள் என்று எழுதியிருந்தார். அப்படி ஓர் ஆய்வு இருக்கிறதா என்றேன். இல்லை மேடம், எல்லோரும் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள் என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பது தமிழ்நாட்டுப் பெண். 2021 மே மாதத்திலிருந்து இங்கே சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. லக்சம்பர்க் நாடு 2020இல் பஸ், டிராம், ரயில் பயணத்தை இலவசமாக்கியது என்பது செய்தியில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம். நம் ஊர் பஸ் அப்படியில்லை, வாசலில் நிற்கும் விஷயம்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டுத் தமிழில் கேட்டேன்.

"உங்க வீட்ல யாராவது ஃப்ரீ பஸ்ல போறாங்களாம்மா?"

"அம்மா தினமும் போறாங்க மேடம். ஜவுளிக் கடைல வேலை."

"அதுக்கு முன்னாடி எப்படிப் போவாங்க?"

"காலைல நடந்துருவாங்க. சாயங்காலம் கால் வலிக்கும்ல, அப்ப மட்டும் பஸ்."

"ஏன், ரெண்டு வேளையும் பஸ்ல போகலாமே?"

"ஒரு டிக்கெட் காசு மிச்சம்ல மேடம்."

இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. இதை இங்கிலீஷில் சொல்ல என்னென்ன தேவை என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். டிக்கெட் காசு என்றால் 'ஃபேர்'. அதை மிச்சம் பிடிப்பது 'சேவ் தி ஃபேர்'. கொடுக்க முடியாதது 'கேனாட் அஃபோர்ட் தி ஃபேர்'. போகும்போது மட்டும், வரும்போது மட்டும் என்பதற்கு 'ஒன் வே', 'ஆன் தி வே ஹோம்'. அரசுப் பணம் விரயம் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதற்கு 'எ வேஸ்ட் ஆஃப் பப்ளிக் மனி'. எல்லாமே ரெடிமேட்தான். எல்லாம் ஐந்து சொல்லுக்குள்.

கடைசியில் அவர் முதல் பத்தியைத் திருப்பி எழுதினார்:

'மேக்கிங் பஸ்ஸஸ் ஃப்ரீ சவுண்ட்ஸ் லைக் எ வேஸ்ட் ஆஃப் பப்ளிக் மனி அன்டில் வி சீ ஹூ டிராவல்ஸ் இன் தெம். ஐ பிலீவ் தட் ஃப்ரீ டிராவல் ஷுட் ஃபர்ஸ்ட் பி கிவன் டு தோஸ் ஹூ கேனாட் அஃபோர்ட் தி ஃபேர்.'

33 சொற்கள். மிருகக்காட்சிசாலைக்கு வைத்துப் பார்த்தோம். உட்காரவில்லை. இரண்டாம் பத்தியில் பல்கலைக்கழகம் இருந்த இடத்தில், காலையில் நடந்து போய்ச் சாயங்காலம் மட்டும் பஸ் ஏறிய பெண்கள் வந்தார்கள். அதை எழுதும்போது 'வாக்டு டு வொர்க்' என்பதில் நடுவில் 'தி' வருமா என்று கேட்டார், வராது என்றேன். 'ஆன் தி வே ஹோம்' என்பதில் வரும் 'தி'யை அவரே போட்டிருந்தார்.